குழலின் மேல் ஒரு பெயர்

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று நம்முடைய சைவ சித்தாந்திகள் சிருஷ்டியை விளக்கக் காட்டும் உதாரணத்தில், மண்ணைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் வாதிகள் எவ்வளவோ விவகரித்திருக்கிறார்கள். குயவன் யார் என்ற ஐயம் மட்டும் எழுந்ததில்லை. ஆனால், ஒருவன் மண்ணைப் பிசைந்து, மற்றொருவன் அதை முக்கால் பங்கு வனைந்து, பெட்டியில் வைத்து மூன்றாமவனுக்கு அனுப்ப, அவன் எஞ்சிய கால் பங்கை முடித்துச் சூளையிலிட்டு எடுத்தால், அந்தக் குடத்துக்கு நிமித்த காரணன் யார்? குடத்தைப் பற்றிக் கேட்டால் இது வீண் தர்க்கமாகத் தோன்றும். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் நடைபெறும் ஒரு கைத்தொழில் இதை மெய்யான கேள்வியாக்கிவிடுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பென்ஸில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் முதலிய ஊர்களில் குடியேறிய ஜெர்மானியக் கம்மியர், தம் தாய்நாட்டு வேடர்களின் குட்டையான தடித்த துப்பாக்கியை நீட்டி மெலிதாக்கி, நாற்பது அங்குலத்துக்கும் மேற்பட்ட குழலும், புலிவரிபோல் அலையோடும் மேப்பிள் மரக்கட்டையும், பித்தளைப் பூண்களும் உடையதாக மாற்றினார்கள். வாய்வழியே மருந்து கெட்டித்து, துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் இறக்கி, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் அந்தப் பழைய துப்பாக்கியைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆசை, சுதந்திரப் பிரகடனத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவாகிய 1976ஐ ஒட்டிய காலத்தில் அங்கே பலரைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்காக, துளையிட்ட குழலும், ஏறக்குறைய உருக்கொண்ட கட்டையும், கல்லைக் கவ்வும் குதிரையோடு கூடிய பொறியும், வார்ப்புக் கசடு நீங்காத பித்தளைத் துண்டுகளும் ஒரே பெட்டியில் அடங்கி விலைக்கு வருகின்றன.

பெட்டி வந்துவிட்டதனால் துப்பாக்கி வந்துவிட்டதாக எண்ணுபவன் முதல் நாளே ஏமாறுவான். இரும்பு மரத்துக்குள் மயிரிழை இடைவெளியுமின்றிப் பதிய வேண்டும். அதற்கு மெழுகுவத்திப் புகையின் கரியை இரும்பில் பூசி, மரப்பள்ளத்தில் அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவி, மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, ஒரு சிறு துண்டுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதையும் செலவிட வேண்டும். அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால், மரத்தில் விழுந்த அந்த இடைவெளி ஆயுள் முழுவதும் செய்தவனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குழலுக்கு நிறமேற்றும் முறை இன்னும் விசித்திரமானது: இரும்பின் சத்துருவாகிய துருவையே வேண்டுமென்று அதன் மேல் படியவிட்டு, தேய்த்து, மீண்டும் படியவிட்டுப் பல நாள் பழக்கினால், அந்தத் துருவே அடர்ந்த பழுப்புக் கவசமாகி மேற்கொண்டு துருவேறுவதைத் தணிக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்து மரத்தின் வரிகளை எழுப்பும்போது, மாதக்கணக்கில் நடந்த வேலை ஒருவாறு முடிகிறது.

அப்பொழுதுதான் பெயர்ப் பிரச்னை எழுகிறது. பழைய பென்ஸில்வேனியக் கம்மியர் பலர் எட்டுப் பட்டைக் குழலின் மேற்பட்டையில் தம் பெயரை வெட்டி வைத்தார்கள். பெட்டியிலிருந்து செய்தவன் தன் பெயரை வெட்டலாமா? குழலைத் துளைத்தது ஓர் இயந்திரம், கட்டையைக் கடைந்தது மற்றோர் இயந்திரம், வடிவத்தை வகுத்தவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவர். இவ்வாறு கழித்துக்கொண்டே போனால் 'நான் செய்தேன்' என்று சொல்ல எஞ்சுவது சிறிது மரத்தூளும் அரப்பொடியுமே. கர்த்திருத்துவ அபிமானத்தை விடு என்று காலங்காலமாகக் கேட்டு வந்த நமக்கு, பெயரில்லாத வெறுங்குழலே ஞானத்தின் அடையாளம் என்று தோன்றுவது இயல்பு.

நானும் சில காலம் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் செய்யப்பட்ட பொருள் குடமன்று, துப்பாக்கி. ஆகவே, பெருமை யாருக்கு என்று கேட்டவன், பாவம் யாருக்கு என்றும் கேட்டே தீர வேண்டும். இல்லறத்தார் செய்யலாகாத ஐந்து வியாபாரங்களில் ஆயுத வியாபாரத்தை முதலில் வைத்தார் புத்தர். சமந்தபத்திரரின் சமண அறநூல், இம்சைக்குரிய கருவிகளைப் பிறருக்கு அளிப்பதை வீண்தீங்குகளில் ஒன்றாக்கி, வாளோடும் விலங்கோடும் கோடரியையும் மண்வெட்டியையும் நெருப்பையும் ஒரே வரிசையில் சேர்த்தது. மண்வெட்டி அங்கே எதற்கு என்று முன்பு வியந்ததுண்டு. அதன் உட்பொருளை எனக்கு விளக்கியது ஒரு கிறிஸ்தவ சமூகத்தின் சரித்திரம்.

மொரேவியச் சகோதரர் என்று பெயர் பெற்ற அந்தச் சபையார் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து, 'சகோதரர் தோட்டம்' என்ற குடியிருப்பை அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். போர் செய்வதில் அவர்களுக்கிருந்த மனச்சாட்சித் தடையை மதித்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆயுதம் தாங்குவதிலிருந்து அவர்களுக்கு விலக்களிக்கும் சட்டத்தைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1749இல் இயற்றியது. மறு வருஷமே, 1750இல், ஜெர்மனியிலிருந்து பென்ஸில்வேனியா வந்து சேர்ந்த அந்தச் சபையின் அங்கத்தினரான ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட், துப்பாக்கிக் கட்டை செய்வதில் வல்லவர். நாஸரேத் என்ற ஊருக்கு அருகே 'கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங்' என்ற சபைக் குடியிருப்பில் அவர் தொழில் நடத்தி, கற்பித்தார். ஆயுதம் தாங்க மாட்டோம் என்ற சபைக்குள்ளேயே ஆயுதம் செய்யும் பட்டறை! வேட்டையே உணவாக இருந்த நாட்டில் துப்பாக்கி ஏருக்குச் சமானமான கருவி என்று அவர்கள் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கலாம். அந்தச் சமாதானம் போதுமா என்பதே நம் விசாரணை.

அதே சபையைத் தழுவிய செவ்விந்தியக் குடும்பங்கள், ஓஹாயோ நாட்டில் 'கிருபைக் குடில்கள்' என்று பொருள்படும் நாடன்ஹுட்டன் என்ற கிராமத்தில் அறுவடைக்காக வந்திருந்தபோது, பென்ஸில்வேனியாவின் குடிப்படை அவர்களைச் சிறைப்படுத்தியது. அவர்கள் எதிர்க்கவில்லை, தம்மிடமிருந்த வேட்டைத் துப்பாக்கிகளையும் ஒப்படைத்துவிட்டார்கள். கொல்வதா வேண்டாமா என்று படையினர் வாக்கெடுத்தார்கள், சிலர் மறுத்தார்கள், பெரும்பான்மையோர் கொல்வதென்று தீர்மானித்தார்கள். அவ்விரவைக் கைதிகள் ஜெபத்திலும் கீதத்திலும் கழித்தார்கள். 1782 மார்ச் 8ஆம் நாள் ஆண்கள் 28, பெண்கள் 29, குழந்தைகள் 39 ஆக 96 பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே முக்கிய ஆயுதமாக இருந்தது துப்பாக்கியன்று. பீப்பாய் செய்பவனின் வீட்டில் கிடைத்த கொட்டாப்புளி.

இந்தச் செய்தி இரண்டு சமாதானங்களை ஒருங்கே உடைக்கிறது. கருவியிலேயே பாவம் குடிகொண்டிருக்கிறது என்பது ஒன்று. வளையம் இறுக்கப் பிறந்த கொட்டாப்புளியில் எந்தப் பாவம் குடியிருந்தது? சமந்தபத்திரரின் வரிசையில் மண்வெட்டி ஏன் நின்றது என்பது இப்பொழுது விளங்குகிறது: கொடிய கருவி, சாதுவான கருவி என்ற பிரிவினை நாம் நம்பும் அளவுக்கு உறுதியானதன்று. மற்றொன்று, எனக்கு மிகவும் பிரியமாயிருந்த சமாதானம்: நிதானமே அறம் என்பது. ஒருமுறை சுட்டபின் மறுமுறை கெட்டிக்க அரை நிமிஷமேனும் வேண்டிய துப்பாக்கி, எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே ஓர் இடைவெளியைத் தருகிறது. அதை மாதக்கணக்கில் செதுக்குபவனுக்கு இடைவெளி இன்னும் பெரிது. ஆகவே இது மனிதனைச் சாந்தனாக்கும் என்று வாதிக்க எண்ணியிருந்தேன். அந்தக் கிராமத்தில் அரை நிமிஷமல்ல, ஒரு முழு இரவு கிடைத்தது. அதை ஒரு சாரார் ஜெபத்துக்குச் செலவிட்டார்கள். மற்றொரு சாராருக்கு விடிந்த பிறகும் மனம் மாறவில்லை. இடைவெளி வெறும் பாத்திரமே. அதில் நிரம்புவது அவரவர் வார்ப்பதுதான்.

அப்படியானால், செய்தவனுக்கு எஞ்சுவது என்ன? பதில் சொல்லும் கடமை எஞ்சுகிறது. வாக்கெடுப்பின் கொடுமையே, 'நான் கொன்றேன்' என்று ஒருவரும் சொல்ல வேண்டாதபடி 'நாம் தீர்மானித்தோம்' என்ற திரையைத் தந்ததில் இருக்கிறது. பல இயந்திரங்களும் பல கைகளும் சேர்ந்து உருவாக்கும் எந்தப் பொருளுக்கும் அத்தகைய திரை எளிதில் கிடைக்கிறது. கர்த்தா நான் அல்லேன் என்பது ஞானியின் வாயில் விடுதலை. அதே வாக்கியம் பொறுப்பிலிருந்து நழுவுகிறவன் வாயில் தந்திரம். பெருமைக்காகச் சொல்லும் 'நான்' கழிய வேண்டியதே. 'யார் இதைச் செய்தது?' என்ற கேள்விக்கு எழுந்து நிற்கும் 'நான்' கழியலாகாது.

ஆகையால் கொட்டகையில் அமர்ந்து யோசிக்கும் அந்த மனிதர் என்னைக் கேட்பாரானால், மேற்பட்டையில் பெயரை வெட்டுங்கள் என்றே சொல்வேன். வெட்டத் தொடங்குமுன், இது யார் கைக்குப் போகும், எங்கே தொங்கும், நமக்குப் பின் யார் இதைக் கெட்டிப்பார் என்று சற்று எண்ணட்டும். எண்ணியபின் சிற்றுளியைப் பிடித்த விரல் தயங்குமானால், அந்தத் தயக்கம் அடங்கும் வரையில் குழலை வெறுமையாகவே வைத்திருக்கட்டும்.