ஊன்றுகோல் வழி சொல்வதில்லை

போன வருடம் அம்மா வாசற்படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் ஊன்றுகோல் பிடிக்கக் கற்றுத்தந்தார். "அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடம் இருக்கணும் ஆன்ட்டி. உடம்பைக் கையில தாங்குங்க. அக்குள்ல சாஞ்சா நரம்பு அடிபடும். கீழே பார்க்காதீங்க." வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துவிட்டது.

நான் பொறியாளன். வேலையிடத்தில் ஆக்மெண்டட் ரியாலிட்டி கண்ணாடி ஒன்று சும்மா கிடந்தது. கண்முன் இருக்கும் நிஜ இடத்தின் மேலேயே கணினி வரையும் உருவங்களைக் காட்டும் கருவி அது. இரவல் வாங்கி வந்து நிரல் எழுதினேன். ஹால் தரையில் பச்சை வட்டங்கள் தெரியும்: இங்கே ஊன்றுகோல், இங்கே நல்ல கால். அம்மா அழகாக நடந்தார். காணொளி எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பேட்டரி தீர்ந்தது. அம்மா ஹால் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். "வட்டத்தக் காணோமேடா!"

உடல் அசைவுகளைக் கற்பது பற்றி 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் திருத்தம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது நன்றாகச் செய்வோம். அது நின்றதும் தடுமாறுவோம். அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். போதாததற்கு, கீழே பார்க்காதீங்க என்று சொன்ன இடத்திலேயே நான் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

ஊன்றுகோல் எடையைத் தாங்கும். எங்கே கால் வைப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடும். என் கண்ணாடி எடையைத் தாங்கவில்லை, முடிவை மட்டும் வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் உதவி என்றுதான் பெயர்.

அதற்காகக் கண்ணாடியைத் தூக்கிப்போட்டுவிடலாமா? சொந்த முயற்சியில் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம், விழப்போவது நான் இல்லையே. வீட்டில் பிசியோதெரபிஸ்ட்டும் கிடையாது. பகலில் நான் வேலைக்குப் போய்விட்டால் அம்மா தனியாள்.

எனவே நிரலை மாற்றினேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வட்டங்கள் மங்கிவிடும். புத்திசாலித்தனமாகச் செய்துவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: உதவியை நிறுத்தும் நாளையும் நானே குறித்துவிட்டேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடுப்பவனே எடுக்கும் நேரத்தையும் தீர்மானித்தால், கருணையோடு கொஞ்சம் அதிகாரமும் சேர்ந்தே வருகிறது.

கடைசியில், அம்மா சொன்னால் மட்டும் வட்டம் வரும்படி செய்தேன். ஹாலில் அவர் கூப்பிடவே இல்லை. படிக்கட்டில் மட்டும் கூப்பிட்டார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில் என்பது அவருக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. தனக்கு எது வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் நிரலுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் பழைய கடைவரிசைக்குப் போனோம். அங்கே அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஒரு உயரம். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு மேட்டின் முன் நின்றார். நான் சட்டென்று கையை நீட்டினேன்.

"இருடா, வேணும்னா சொல்றேன்."

நீட்டிய கையை மடக்காமல், தொடாமல், பக்கத்திலேயே நின்றேன். நிரல் எழுதுவதைவிட அது கடினமாக இருந்தது.