வாசலில் சொன்ன பொய்

ஒரு பொய் எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும்? 1992-ல் நெதர்லாந்தில் சொன்ன ஒரு பொய், பதினான்கு வருஷம் கழித்து ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்தது.

சொன்னவர் அயான் ஹிர்ஸி அலி. சோமாலியாவில் பிறந்தவர். உள்நாட்டுப் போரிலிருந்து நேராகத் தப்பி வருகிறேன் என்று சொல்லி அடைக்கலம் கேட்டார். உண்மையில் அவர் பல வருஷம் கென்யாவில் வசித்தவர். அப்பா பார்த்து முடித்த மாப்பிள்ளை கனடாவில். அங்கே போகிற வழியில் ஜெர்மனியில் இறங்கியவர், ரயிலேறி நெதர்லாந்து வந்துவிட்டார். குடும்பத்தார் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பெயரை மாற்றிச் சொன்னதாகப் பின்னால் விளக்கினார். பிறந்த தேதியும் மாறியது.

அடைக்கலம் கிடைத்தது. 1997-ல் குடியுரிமை. 2003-ல் எம்.பி.! 2004 நவம்பரில், அவரோடு சேர்ந்து குறும்படம் எடுத்த இயக்குநர் தியோ வான்கோ ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்டார். உடலில் கத்தியால் குத்தி வைத்திருந்த கடிதம், அயானுக்கான கொலை மிரட்டல்.

பொய் சொன்னதை அயான் 2002-லேயே ஒப்புக்கொண்டிருந்தார். அப்போது யாரும் அசையவில்லை. 2006 மே மாதம் ஒரு டி.வி. நிகழ்ச்சி அதைக் கிளறியது. ‘கட்டாயக் கல்யாணமெல்லாம் இல்லை’ என்றார்கள் உறவினர்கள். நான்கே நாளில் அமைச்சர் ரீட்டா ஃபெர்டோங்க், அயானுடைய சொந்தக் கட்சிக்காரர், அவரது குடியுரிமை செல்லாது என்றார். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது.

‘பொய் சொன்னவருக்குச் சலுகை என்றால், உண்மை சொல்லி வரிசையில் நிற்பவன் முட்டாளா?’ என்றது ஒரு தரப்பு. நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பொய்யும், அடுத்து வருகிற நிஜமான அகதியைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கிறது. இன்னொன்றும் உண்டு. அடைக்கலம் மறுக்கப்பட்ட 26,000 பேரை வெளியேற்றும் திட்டத்தை 2004-ல் கொண்டுவந்ததும் இதே அமைச்சர், இதே கட்சி.

ஆனால், பொய்யெல்லாம் ஒரே எடையா? பள்ளிக்கூடத்தில் சேர்க்க நம் அப்பாக்கள் மாற்றிக் கொடுத்த பிறந்த தேதியிலேயே ரிட்டையர் ஆனவர்கள் நம்மில் எத்தனை பேர்! தீங்கில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார் வள்ளுவர்.

ஜெர்மன் தத்துவஞானி கான்ட் நம் அரிச்சந்திரனுக்கே அண்ணன். கொலைகாரன் கதவைத் தட்டி, ‘உன் நண்பன் உள்ளேதானே இருக்கிறான்?’ என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதினார். அதே கான்ட் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். வந்து நிற்கிற அந்நியனைத் திருப்பி அனுப்பலாம், அதனால் அவன் அழிந்துபோக மாட்டான் என்றால் மட்டும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொய் சொல்லாதிருப்பது வாசலில் நிற்பவனின் கடமை. அவனை அழிவுக்கு அனுப்பாதிருப்பது வீட்டுக்காரனின் கடமை. அவன் தன் கடமையில் தவறினான் என்பதால் வீட்டுக்காரனின் கடமை தீர்ந்துவிடுமா?

டிக்கெட் இல்லாமல் ஏறியவரைப் பிடித்தால் அபராதம் போடலாம், அடுத்த ஸ்டேஷனில் இறக்கியும் விடலாம். ஓடுகிற ரயிலிலிருந்து தள்ளலாமா? நாடு கடத்துவதும் அப்படித்தான். போகிற இடம் பத்திரமான ஸ்டேஷனா, இருட்டா என்று பார்த்தாக வேண்டும். ‘பொய் சொன்னாரா?’ என்பது ஒரு கேள்வி. ‘திரும்பிப் போனால் என்ன ஆகும்?’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் எழுதிவிடுவதுதான் தப்பு.

கடைசியில் என்ன ஆனது? சோமாலிய வழக்கப்படி தாத்தா பெயரையும் வைத்துக்கொள்ளலாம், எனவே ‘அலி’ பொய்ப் பெயரே இல்லை என்று ஒரு சட்டப் பொந்தைக் கண்டுபிடித்துக் குடியுரிமையைக் காப்பாற்றினார்கள். அமைச்சர் நடந்துகொண்ட விதம் பிடிக்காமல் கூட்டணிக் கட்சி ஒன்று ஆதரவை வாபஸ் வாங்கியது. ஜூன் கடைசியில் அரசு கவிழ்ந்தது. எம்.பி. பதவியை விட்டு அயான் அமெரிக்கா போனார்.

அயானுக்காகத் தாத்தா பெயரைத் தேடிப் பார்க்க வக்கீல்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். அதே தப்பைச் செய்துவிட்டு ஒரு டிடென்ஷன் சென்டரில் உட்கார்ந்திருக்கிறானே, டி.வி.யில் முகம் வராத ஒருவன், அவனுடைய தாத்தா பெயரை யார் கேட்பார்கள்?