சாயமும் சீலமும்

புனே நகரில் நம் உபாசகர் இல்லத்து இளம்பெண்கள் சிலர் கூந்தலுக்குப் பொன்னிறச் சாயம் ஏற்றுகின்றனர். இது சீலக்கேடாகுமா எனப் பெரியோர் வினவுகின்றனர். ஆகாது. பஞ்சசீலத்தில் இதற்குத் தடையில்லை. மாலை, வாசனை, அணிகலன் ஆகியவற்றை விலக்குதல் உபோசத நாளில் அட்டசீலம் ஏற்போர்க்கே உரியது. பெருவிலை அணிகலன் பூண்ட விசாகையன்றோ உபாசிகையருள் தலைசிறந்து விளங்கினாள்!

மேலும், நம் கோலத்தைப் பிறர் விதிக்க நாம் பணிந்து கிடந்த காலம் ஒன்றிருந்தது. 1927 டிசம்பரில் மகாத் நகரில் பாபாசாகேப் அம்பேத்கர் பெண்களை நோக்கி, தீண்டாமையின் அடையாளமாக நின்ற பழைய உடுப்பு முறையையும் வெள்ளி நகைகளையும் களைந்து, மேற்சாதிப் பெண்டிரைப் போலவே சேலை உடுத்துமாறு கூறினார். உடல் நமது என்னும் துணிவு அன்று பிறந்தது.

ஆயினும் அலங்காரம் வேறு; தன் நிறத்தைத் தானே வெறுத்தல் வேறு. 1975இல் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் கலியாணப் பேச்சுகளோ மாறவில்லை. பேத்தியின் கூந்தலைக் கண்டிக்கும் பெரியோரே, வரும் மருமகள் சிவப்பாயிருக்க வேண்டும் என்கின்றனர்! ஆராய வேண்டிய சீலக்கேடு அங்கேதான் உள்ளது.

ஆலையில் நூலுக்குச் சாயமேற்றியவன் என்ற முறையில் பெண்களுக்கும் ஒன்று கூறுவேன். பல தலைச்சாயங்களில் உள்ள பாராபினைலின்டையமின் சிலருக்கு அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும். காதின் பின்புறம் சிறிது தடவி, 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்த பின்னரே பூசுக.