குழிக்கு யார் சொந்தக்காரர்?

‘கைவிடப்பட்ட சுரங்கம்’ என்று எழுதுகிறார்கள். இந்தத் தொடரில் எழுவாய் இல்லை. கைவிட்டவன் யார் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடச் செயப்பாட்டு வினை வசதி செய்து கொடுக்கிறது.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தார் 2023இல் ஒரு வரைபடத் தொகுப்பு வெளியிட்டார்கள். சுரங்கக் குழிகளில் தண்ணீரை ஏற்றி இறக்கி மின்சாரத்தைச் சேமிக்கத் தோதான இடங்கள் உலகத்தில் 904 என்று அது காட்டியது. விஷயம் லேசானதுதான். மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம். பகலில் வெயில் மின்சாரம் மிஞ்சினால் தண்ணீரை மேலே ஏத்துறது, ராத்திரி இறக்கி டர்பைனைச் சுத்த வைக்கிறது. நூறு பங்கு செலவழித்தால் எண்பது பங்குபோல் திரும்பி வரும். நில உயரக் கணக்குகளைக் கணினியிடம் கொடுத்தால் மேடு எது, பள்ளம் எது, நடுவே தூரம் எவ்வளவு, எத்தனை தண்ணீர் நிற்கும் என்று பார்த்து, செலவு வாரியாகத் தரமும் பிரித்துவிடுகிறது. மண்ணியல், சுற்றுச்சூழல், மரபுரிமை ஆய்வுகள் இந்த இடங்களில் செய்யப்படவில்லை என்று அவர்களே சொல்லியும் விடுகிறார்கள். நேர்மைதான்.

நான் இதற்கு எதிரியில்லை. புதுசாக ஒரு பள்ளத்தாக்கை மூழ்கடித்து ஆதிவாசியை விரட்டுவதைவிட, ஏற்கனவே நாசம் பண்ணின குழியைப் பயன்படுத்துவது மேல். குவீன்ஸ்லாந்தில் 2001இல் மூடிய கிட்ஸ்டன் தங்கச் சுரங்கத்தின் இரண்டு குழிகளில், எட்டு மணி நேரம் ஓடக்கூடிய 250 மெகாவாட் நிலையத்துக்கு 2021இல் வேலை தொடங்கினார்கள். அது எவாமியன் என்னும் பூர்வகுடிகளின் மண். முதலில் தங்கத்துக்காக வந்தார்கள், பிறகு பள்ளத்துக்காக.

அதே 2001இல், பிப்ரவரி 28 அன்று, கோலார் தங்கவயலும் மூடப்பட்டது. வரைபடம் தேடுவது பெரும்பாலும் திறந்த குழிகளை. தங்கவயலில் இருப்பதோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கும் ஷாஃப்டுகள். ஆனாலும் இந்தக் கேள்வியை உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த இடம் அதுதான். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம் சனங்கள் தோண்டியது. நீர்மின்சாரமும் அவர்களுக்குப் புதுசில்லை. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பியில் ஓடி முதலில் போய்ச் சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்குத்தான்.

கட்டின வீட்டுக்கு உரிமை கேட்கலாம். தோண்டின குழிக்கு? கூலிதான் கொடுத்தாச்சே என்பார்கள். சரி, அது தங்கத்துக்குக் கொடுத்த கூலி. குழிக்கு அன்றைக்கு விலையே இல்லை, அதனால் அதைப் பற்றி யாரும் பேரம் பேசவில்லை. பாறை வெடித்துச் செத்தவனும், தூசியில் நெஞ்சு போனவனும் தங்கத்தோடு கூடவே இன்னொன்றையும் உண்டாக்கினார்கள். அந்த வெற்றிடம்தான் இன்றைக்குச் சரக்கு. விற்கிற உரிமை, மூடிவிட்டுப் போனவனுக்கு மட்டும் எப்படி வந்தது?

நம்ம ஊர் நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள். ‘புறம்போக்கு’ என்று எழுதியிருக்கிற இடத்தில் நம்ம தெரு இருக்கும். அளந்தவன் பொய் எழுதலை. அவனுடைய பாரத்தில் நம்மை எழுத இடமில்லை, அவ்வளவுதான். கணினிக்கும் மேடு என்றால் உயரம், இத்தனை மீட்டர். தங்கவயலில் மேடு என்றால் சயனைடு மேடு. காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து சோத்துத் தட்டில் விழுகிற மண். அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ பத்திரிகை அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியில் மறுபடியும் வந்தது இந்த ஊரிலிருந்துதான். அதற்கு எந்தப் படத்தில் புள்ளி வைப்பது?

நாளைக்கு ஏதோ ஒரு சுரங்கத்தில் பங்கு கேட்கப் போனால், ‘விட்டுட்டுப் போன இடம்தானே’ என்று சொல்லக்கூடும். தங்கவயலில் யாரும் விட்டுட்டுப் போகலை. இருட்டோடு எழுந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி அதே லைன் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.