பகைவன் கல்லறை

2025 ஏப்ரலில் இலங்கை சென்ற இந்தியப் பிரதமர், கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இந்திய அமைதிப்படையினர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். 1987 முதல் 1990 வரை அந்த மண்ணில் மாண்ட ஏறத்தாழ 1,200 வேற்றுநாட்டு வீரர்களுக்கான இடம் அது. வேற்று நாட்டானுக்கு இடம் கொடுத்த அதே நாடு, தன் மண்ணில் பிறந்து விடுதலைப் புலிகளாய் மாண்ட பிள்ளைகள் புதைக்கப்பட்ட யாழ்ப்பாணத்துக் கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தைத் தரைமட்டமாக்கி, 2011இல் அங்கேயே ஒரு படைத் தலைமையகத்தைத் திறந்தது. மாவீரர் நாளான நவம்பர் 27இல் விளக்கேற்ற வரும் பெற்றோர், முகாமுக்கு வெளியே பக்கத்துக் காணியில் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். இது அறமன்று.

நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவதுவரை தொல்காப்பியப் புறத்திணையியல் முறை வகுத்திருக்கிறது. அது தன் ஆளுக்கு. பகைவனுக்கு? அவனுக்கு இடுக்கண் வந்தபோது உதவுவதே வீரத்தின் கூர்மை என்கிறது குறளின் படைச்செருக்கு அதிகாரம். கம்பனின் இராமன், இராவணனுக்கு இறுதிக்கடன் செய்ய வீடணனை ஏவுகிறான். சிங்களரின் மகாவம்சமே சொல்கிறது: தான் கொன்ற சோழநாட்டு எல்லாளனுக்குத் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பினான், அதை நெருங்கும் மன்னர்கள் வாத்தியங்களை நிறுத்துவது வழக்கமாயிற்று. கைமுனுவின் பெயரில் படையணியே வைத்திருக்கும் இராணுவம் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டவில்லை போலும்! இங்கே காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1781இல் ஹைதர் அலியின் படையோடு பொருதி மாண்ட கும்பினி அதிகாரிகள் பிரவுன், ஹிஸ்லாப் இருவரின் நினைவுத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. வெள்ளையன் போன பிறகும் அவற்றை எவரும் இடிக்கவில்லை.

புலிகள் பொதுமக்களைக் கொன்றார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள், கல்லறை கட்டினால் அதற்கெல்லாம் புகழ் சேரும் என்பார்கள். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதைக் கண்ட எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம் அந்த வாதத்தை எளிதில் தள்ளாது. ஆனால் உத்திரமேரூரின் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனையும் பெரும்பாதகனையும் குடவோலைத் தேர்தலிலிருந்து விலக்குகிறது; தண்டனை உயிரோடிருப்பவனுக்குத்தான். குழிக்குள் கிடப்பவனை யார் விசாரிப்பது? கோப்பாயில் தண்டனை பெற்றவர்கள் பெற்றோர்கள். பிள்ளைப் பருவத்திலேயே படைக்கு இழுத்துச் செல்லப்பட்டவன் என்றால், அவன் தாய்க்குக் குழியையும் மறுப்பது இரண்டாம் கொடுமை. இதே அளவுகோல் தமிழருக்கும் உண்டு: 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆசுபத்திரிக்குள் அமைதிப்படை சுட்டதை மறக்காதவர்களும், பலாலியில் அப்படையினருக்கு நிற்கும் நினைவுச் சின்னத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கோப்பாயில் எந்தக் கொடி பறக்கலாம், எது கூடாது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் முகாம் அந்தக் காணியை விட்டு எழட்டும்.