பெரியவரின் பாதம்



எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரின் காயங்களில் நல்ல சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார் என்று இன்றைய நற்செய்தியில் கேட்டோம். மது காயத்தைக் கழுவும். எண்ணெய் எரிச்சலைத் தணிக்கும். பவுலடியார் லூக்காவை மருத்துவர் என்றே குறிப்பிடுகிறார். அதனால்தானோ என்னவோ, லூக்கா இதை விடாமல் எழுதியிருக்கிறார்.

கடந்த பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெரியவர் ஒருவரின் வலது காலைக் கையில் ஏந்தினேன். பெருவிரலுக்கு அடியில் காசளவு புண். ஓரம் வெளுத்து, நடுவில் ஈரம் கசிந்தது. "எப்போ ஐயா பட்டுச்சு?" என்றேன். "எங்க சாமி?" என்று குனிந்து தேடினார். நெடுநாள் சர்க்கரை நோய். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

முள் தைத்தால் ஆண்டவர் படைத்த இந்த உடம்பு யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. இரத்தம் உறைந்து வாசலை அடைக்கிறது. சில மணி நேரத்தில் வெள்ளையணுக்கள் திரண்டு வந்து கிருமிகளை விழுங்குகின்றன. சிவப்பும் வீக்கமும் சூடும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள். நாம் அருவருக்கும் சீழில் இருப்பவை பெரும்பாலும் நமக்காகப் போராடி மடிந்த வெள்ளையணுக்கள்தாம். நாம் தூங்கும்போதும் இது நடக்கிறது. எனக்கு இதுவே ஒரு திருப்பாடல்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது நரம்பு மரத்து வலி தெரியாமல் போகிறது. குழாய்கள் சுருங்கி, காயத்துக்கு இரத்தம் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. வெள்ளையணுக்களும் தளர்ந்துவிடுகின்றன. அப்போது உடம்புக்கு நம் கை தேவை. காயத்தை ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காப்பித்தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். மண்ணும் துருவும் பட்ட காயமென்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

"மந்திரித்த எண்ணெய் போதாதா சாமி?" என்று சிலர் கேட்கிறீர்கள். உங்களுக்காக மனமார ஜெபிக்கிறேன். ஆனால் சமாரியர் எண்ணெயோடு நிற்கவில்லையே! சாவடிக்குக் கொண்டுபோனார், இரண்டு தெனாரியம் கொடுத்தார், திரும்பி வருவதாகவும் சொன்னார்.

இன்றிரவு, குனிய முடியாத உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலை விளக்கருகே வைத்துப் பாருங்கள். நான் சொன்ன அந்தப் பெரியவருக்குக் கட்டு மாற்றி, விரலிடுக்கு வரை துடைத்துவிட்டவள் அவருடைய பேத்தி. போன வாரம்தான் புண் மூடியது. இதோ, இருவரும் முன்வரிசையில் இருக்கிறார்கள்.