ஊழும் ஊக்கும்

உண்ணும்போது புரையேறினால் எங்கோ யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையைத் தட்டிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பெரியவர்களைப் பொறுத்தவரை அது இனிமையான நம்பிக்கைதான். ஆனால் கடைவாய்ப் பல் முளைக்காத குழந்தை முழு வேர்க்கடலையை வாயிலிட்டுக்கொண்டு சிரிக்கையில், அது மூச்சுக்குழலில் நழுவி, அகலமாகவும் செங்குத்தாகவும் அமைந்த வலப்புறக் கிளையில் பெரும்பாலும் போய்த் தங்கி, ஈரத்தில் ஊறிப் பருத்து அந்த நுரையீரலின் வாயிலையே அடைத்துவிடும்போது, பாவமறியாத சிசுவுக்கு இது ஏன் நேர்ந்தது என்ற கேள்வி எழுகிறது. பூர்வ ஜன்ம கர்மம் என்ற விடையும் தயாராக நிற்கிறது.

சிருஷ்டியில் குறையே இல்லை என்று வாதிப்போருக்கும் இது சங்கடமான விஷயம். விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழலின் வாயைக் கடந்தே செல்லவேண்டியிருக்கும் விசித்திரத்தை, 1859ல் வெளியிட்ட தம் நூலிலேயே டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். பிறந்த குழந்தைக்கு மேலே இருக்கும் குரல்வளை வளர வளரக் கீழிறங்குகிறது. அந்த இறக்கமே தெளிவான பேச்சுக்குத் துணைசெய்தது என்பது விஞ்ஞானிகள் பலரின் அபிப்பிராயம். அப்படியாயின், மந்திரம் ஓதும் வரத்துக்கும் மூச்சடைக்கும் அபாயத்துக்கும் மூலகாரணம் ஒன்றே என்றாகிறது.

பிலடெல்பியா நகரில் பணியாற்றிய ஷெவாலியர் ஜாக்ஸன் (1865–1958) என்ற வைத்தியர், இந்த 'ஏன்' என்பதை வேதாந்திகளுக்கு விட்டுவிட்டு, 'எப்படி' என்பதைப் பற்றிக்கொண்டார். நுனியில் சிறு விளக்குப் பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி, நீண்ட இடுக்கியால் அவர் வெளியே எடுத்த ஊக்கு, ஆணி, பொத்தான், காசு, எலும்புத்துண்டு முதலியன, உணவுக்குழலில் சிக்கியவையும் சேர்த்து, 2,000க்கும் மேற்பட்டவை. அவை அந்நகரத்து மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. திறந்த ஊக்கை அப்படியே இழுத்தால் கூர்முனை சதையைக் கிழிக்குமாதலால், அதை உள்ளேயே மூடி எடுப்பதற்கும் தனிக்கருவி வகுத்தார். வீடுகளில் சுத்தம் செய்ய வைத்திருந்த கடுங்காரத்தைக் குடித்து உணவுக்குழல் வெந்து சுருங்கிய குழந்தைகளைக் கண்டபோதோ, சிகிச்சையோடு நில்லாமல் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக, அத்தகைய பொருள்களின்மேல் விஷம் என்ற எச்சரிக்கைச் சீட்டு இருக்கவேண்டுமென்ற சட்டம் 1927ல் அமெரிக்காவில் பிறந்தது.

ஒரு சீட்டை ஒட்டினால் குறையக்கூடிய துன்பத்தைக் குழந்தையின் முன்வினை என்பது, கர்ம சித்தாந்தத்துக்கே இழைக்கும் அநீதி என்று நான் கருதுகிறேன். துயருற்ற தாய் தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதலாகலாம். அண்டை வீட்டார் சொன்னாலோ அது தீர்ப்பாகிவிடுகிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் என்பது துக்க வீட்டில் ஏனோ எவருக்கும் நினைவு வருவதில்லை.

ஆகவே, கர்மத்தை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் நான்கைந்து வயதுவரை குழந்தையின் கையில் முழு வேர்க்கடலையைக் கொடுக்கவேண்டாம். புரையேறி இருமிய குழந்தை சற்றுப் பொறுத்து அமைதியாகிவிட்டாலும், உள்ளே தங்கிய கடலை எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரியாதாதலால், நடந்ததை நடந்தபடியே வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள்.